கார்க் கதவைத் திறக்கும் முன்: சைக்கிள்காரரோடு சண்டை வந்தால் சட்டம் என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி என்று வைத்துக்கொள்வோம். சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலை. எட்டாவது கொண்டை ஊசி வளைவில் ஒருவர் சைக்கிளை நின்றுகொண்டே மிதித்து ஏறுகிறார். பின்னால் ஒரு கார் முதல் கியரில் முக்கிக்கொண்டு வருகிறது. ஓட்டுநர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. வளைவு முடிந்ததும் முழங்கையில் கண்ணாடி உரசும் அளவுக்கு நெருக்கித் தாண்டுகிறார். சைக்கிள்காரர் தடுமாறி, போகிற காரின் பின்பக்கத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுகிறார். கார் ஐம்பது அடி தள்ளிக் குறுக்காக நிற்கிறது. கதவு திறக்கிறது.

"ஏய்யா, ரோடு என்ன உங்கப்பன் வூட்டுதா? ஓரமா போவத் தெரியாதா?"

"இடிக்கப் பாத்தீங்களே, அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க."

அடுத்து இன்னும் இரண்டு வார்த்தை. ஒருவர் சட்டையைப் பிடிக்க, மற்றவர் தள்ள, கீழே விழுந்தவர் கையை ஊன்றுகிறார். மணிக்கட்டு எலும்பு விரிசல் விடுகிறது. ஹாரனில் தொடங்கி இதுவரை மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

'சாலைக் கோபம்' என்ற பெயரில் தனியாக ஒரு குற்றம் இந்தியச் சட்டத்தில் கிடையாது. காவல் நிலையத்தில் எழுதும்போது இந்த மூன்று நிமிடத்தைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். ஹாரன் ஒரு துண்டு, நெருக்கித் தாண்டியது ஒரு துண்டு, காரைக் குறுக்கே நிறுத்தியது, வாயிலிருந்து வந்த சொல், தள்ளிய கை என்று ஒவ்வொன்றும் தனித்தனி. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பிரிவு, ஒரு தண்டனை. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. "ஆரம்பிச்சது அவன்தான்" என்று இரண்டு பக்கமும் சொல்லும். சட்டம் முதலில் பார்ப்பது, யார் எதைச் செய்தார் என்பதை.

சண்டை ஏன் வளைவில் பிறக்கிறது

ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். கார் ஓட்டுபவருக்கு அங்கே ஒரே கவலை, வேகம் விட்டுப்போகக் கூடாது. வளைவின் நடுவில் நின்றுவிட்டால் ஹேண்ட்பிரேக் போட்டு, ஹாஃப் கிளட்சில் பிடித்து, வண்டி பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். புதிதாகக் கார் பழகியவருக்கு அது பயம். அந்தப் பயம் வெளியே கோபமாக வருகிறது.

சைக்கிள்காரருக்கு வேறு கவலை. இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்பக்கம்தான் செங்குத்து. அங்கே ஓரமாகவே ஒட்டிப் போனால் மிதி நின்றுவிடும். அதனால் ஏற்றம் குறைவாக இருக்கும் நடுப்பக்கத்துக்கு ஓரடி, இரண்டடி விலகி ஏறுவார். பின்னால் வருபவருக்கு இது "வேணும்னே குறுக்க வர்றான்" என்று தெரியும். மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டரில் ஏறும் சைக்கிள் நேர்கோட்டில் போகவும் போகாது. மெதுவாகப் போகும் இருசக்கரம் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சாண் இடமும் வலமும் ஆடும். ஓட்டுபவரின் திமிரில் வருவதில்லை அந்த ஆட்டம், வேகக் குறைவில் வருவது.

இடக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். சைக்கிள் ஓரத்திலிருந்து முக்கால் மீட்டர் தள்ளிப் போகிறது. அதற்கும் ஓரமாகப் போனால் ஜல்லி, பள்ளம், மழைநீர்க் கால்வாய். ஹேண்டில்பாரின் பாதி அகலத்தைச் சேர்த்தால் சுமார் 1 மீட்டர் 5 செ.மீ. ஆகிவிட்டது. நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி. கண்ணாடிகளோடு சேர்த்துக் காரின் அகலம் ஏறத்தாழ இரண்டு மீட்டர். மொத்தம் நான்கு மீட்டருக்கு மேல் வந்துவிடுகிறது. தடத்துக்குள் இருந்தபடியே ஒரு காரால் சைக்கிளைப் பத்திரமாகத் தாண்டவே முடியாது. நடுக்கோட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எதிரே வண்டி வந்தாலோ, வளைவு கண்ணை மறைத்தாலோ காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

காத்திருந்தால் எவ்வளவு நஷ்டம்? முந்நூறு மீட்டரை முப்பது கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 36 விநாடி. பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் 108 விநாடி. வித்தியாசம் ஒன்றேகால் நிமிடத்துக்கும் குறைவு. மேலே போய் ஏரிக்கரையில் பார்க்கிங் தேட அதைவிட அதிக நேரம் ஆகும்.

பஸ்ஸும் லாரியும் வேறு ரகம். இடப்பக்கக் கொண்டை ஊசியில் திரும்ப, பஸ் முதலில் வலப்பக்கம் விலகும். இடது பக்கம் ஒரு பெரிய இடம் திறந்ததுபோல் இருக்கும். சைக்கிள்காரர் அந்த இடத்துக்குள் நுழைந்தால், பஸ் திரும்பத் திரும்பப் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டி வந்து அந்த இடத்தை மூடிவிடும். டிரைவரின் கண்ணாடியில் அந்த நேரத்தில் சைக்கிள் தெரியாது. வளைவுக்கு முன் பஸ் வந்துவிட்டால் சைக்கிளை ஓரத்தில் நிறுத்தி அதைப் போக விடுங்கள். உரிமை உங்கள் பக்கமே இருந்தாலும் நிறுத்துங்கள்.

ஊருக்குள் வந்தால் வளைவு இல்லை, ஆனால் இடுக்கு உண்டு. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்குப் போகிறவர், அம்மாபேட்டைத் தறிக்காரர், பால் கேனைத் தொங்கவிட்டு வருபவர், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என்று சேலத்தில் சைக்கிள் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் உடற்பயிற்சிக்காக ஓட்டுவதில்லை. கடைவீதியில் இவர்களுக்கு அதிகம் நேர்வது, நின்ற காரின் கதவு திடீரெனத் திறப்பது. பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்து ஒருவரை விழவைத்தால் அதுவும் கவனக்குறைவான செயல்தான். "வண்டி நின்னுகிட்டுதானே இருந்தது" என்ற பதில் எடுபடாது. வலப்பக்கக் கதவை இடக்கையால் திறந்து பழகினால் உடம்பு தானாகத் திரும்பும், கண் தானாகப் பின்னால் போகும்.

சாலை விதி யார் பக்கம்

மோட்டார் வாகனங்களுக்கான 2017-ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகள், பாதசாரி, சைக்கிள்காரர் போன்றவர்களிடம் ஓட்டுநர் கூடுதல் கவனம் காட்ட வேண்டும் என்கின்றன. குறுகிய மலைப்பாதையில் இரண்டு வண்டி விலக இடமில்லை என்றால், இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். ஜெர்மனியிலும் பிரான்சிலும் இருப்பதுபோல் 'சைக்கிளைத் தாண்ட இத்தனை மீட்டர்' என்ற அளவு நம் விதியில் எழுதப்படவில்லை. அதனால் பாதுகாப்பான இடைவெளி இருந்ததா என்பதைச் சாட்சியையும் வீடியோவையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. சாலையில் ஒரு மீட்டருக்குக் குறையாமல் விடுங்கள். மலையில் ஒன்றரை.

ஹாரனுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. தேவையில்லாமல், தொடர்ந்து ஹாரன் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவில் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம். எதிரே வருவது தெரியாத வளைவுக்கு முன் ஒரு முறை அடிப்பது எச்சரிக்கை. சைக்கிளின் பின்சக்கரத்துக்கு ஐந்தடி பின்னால் வந்து அடிப்பது மிரட்டல்.

துண்டு துண்டாகப் பார்க்கலாம்

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. சுருக்கமாக பி.என்.எஸ். பழைய எண்கள் மாறிவிட்டன. "279 போட்டிருக்காங்க", "294பி" என்று இன்னும் பேச்சில் இருந்தாலும், புதிய எஃப்.ஐ.ஆரில் வேறு எண் இருக்கும்.

நெருக்கித் தாண்டியது முதலில் வருகிறது. பொதுச் சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்தாகும்படி ஓட்டுவது பி.என்.எஸ். 281: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே மோட்டார் வாகனச் சட்டம் 184, அபாயகரமாக ஓட்டுதல். இதில் முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரசல்கூட நடந்திருக்க வேண்டியதில்லை, ஆபத்தாக ஓட்டியதே போதும்.

காரைக் குறுக்கே நிறுத்தியதைப் பலர் குற்றமாகவே நினைப்பதில்லை. ஒருவருக்குப் போக உரிமையுள்ள திசையில் அவரைப் போகவிடாமல் தடுப்பது பி.என்.எஸ். 126(2). ஒரு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கார் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வது, காருக்கு முன்னால் சைக்கிளைப் போட்டு "மன்னிப்புக் கேட்டுட்டுப் போ" என்று நிற்பது எல்லாமே இதற்குள் வரும்.

அடுத்தது வாய். பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாக ஆபாசச் சொல் பேசினால் 296. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெறும் திட்டு எல்லாம் ஆபாசமாகிவிடாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் தமிழ்நாட்டில் அடிதடிப் புகார் என்றால் எஃப்.ஐ.ஆரில் முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் இந்தப் பிரிவுதான். "உன்னை ஏத்திட்டுப் போயிருவேன்" என்பது கொலை மிரட்டல். 351(3)-இல் ஏழாண்டு வரை போகலாம். பெண் சைக்கிளோட்டியிடம் மானத்தைப் புண்படுத்தும் சொல், சைகை என்றால் 79-ஆவது பிரிவு, மூன்றாண்டு வரை சிறை. பட்டியலின, பழங்குடியினரைப் பலர் முன்னிலையில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறை. முன்ஜாமீனுக்கும் அந்தச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு தடை போடுகிறது. ஏற்காடு மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் பழங்குடி மக்களும் இதே சாலையில்தான் சைக்கிளிலும் நடந்தும் போகிறார்கள். கோபத்தில் வாயில் வரும் சொல்லுக்கு இந்த அளவு எடை உண்டு.

கை நீண்டால் கணக்கு மாறிவிடும். சாதாரணக் காயம் 115(2): ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் எலும்பு முறிந்தாலோ, விலகினாலோ, பல் போனாலோ, பதினைந்து நாள் அன்றாட வேலை செய்ய முடியாமல் போனாலோ அது 'கொடுங்காயம்'. வேண்டுமென்றே கொடுங்காயம் விளைவித்தால் 117(2), ஏழாண்டு வரை சிறையும் அபராதமும். சைக்கிளிலிருந்து விழுபவர் கையை ஊன்றுவார். மணிக்கட்டும் காறை எலும்பும்தான் முதலில் போகும். அந்த எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துத்தான் இனி வழக்கு நடக்கும். "லேசாத் தள்ளினேன்" என்பவர் கொடுங்காயத்தை நினைத்துத் தள்ளவில்லை என்று வாதாடலாம். மலைச்சரிவில், ஜல்லி மேல், க்ளிப் மாட்டிய ஷூவோடு நிற்பவரைத் தள்ளினால் என்ன ஆகும் என்று தெரியாதா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். டிக்கியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்தால் 118, அதிலும் கொடுங்காயம் என்றால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஆயுள்.

ஒரே ஒரு குத்து எவ்வளவு தூரம் துரத்தும் என்பதற்கு நாடறிந்த வழக்கு ஒன்று உண்டு. 1988 டிசம்பர் 27 அன்று பாட்டியாலாவில் வழிவிடும் தகராறில் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து 65 வயதுக்காரர் ஒருவரைத் தாக்கியதாகவும், அவர் இறந்ததாகவும் வழக்கு. 2018-இல் உச்ச நீதிமன்றம் சாதாரணக் காயம் என்று மட்டும் கொண்டு 1,000 ரூபாய் அபராதத்தோடு விட்டது. மறுஆய்வு மனுவில் 2022 மே 19 அன்று அதே நீதிமன்றம் ஓராண்டு கடுங்காவல் விதித்தது. சம்பவம் நடந்து முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, அமைச்சராக இருந்த ஒருவர், ஒரு சாலைச் சண்டைக்காகச் சிறைக்குப் போனார்.

வண்டியே ஆயுதமானால்

கவனக்குறைவாக மோதுவது வேறு, கோபத்தில் மோதுவது வேறு. கவனக்குறைவில் கொடுங்காயம் ஏற்பட்டால் 125(பி), மூன்றாண்டு வரை. உயிர் போனால் 106(1), ஐந்தாண்டு வரை. ஆனால் துரத்திப் போய், திருப்பி வந்து, மேலே விட்டால் அது விபத்தாக இருக்காது. கொலை முயற்சிப் பிரிவு 109 வரும். பத்தாண்டு வரை, காயம்பட்டிருந்தால் ஆயுள் வரை.

நெஞ்சுக்குள் இருந்த எண்ணத்தை எப்படி நிரூபிப்பார்கள் என்று கேட்கலாம். அதற்கு முன் பேசிய பேச்சு, சண்டைக்கும் மோதலுக்கும் இடையே ஓடிய தூரம், தாண்டிப் போன பிறகு யூ-டர்ன் போட்டாரா, பிரேக் பிடித்த தடம் தார்ச்சாலையில் இருக்கிறதா, நேராகப் போன வண்டி அந்த இடத்தில் மட்டும் ஏன் இடப்பக்கம் வளைந்தது என்று பார்ப்பார்கள். "பயமுறுத்தத்தான் கிட்ட போனேன்" என்பது தப்பிக்கும் வழியாகத் தோன்றும். வேண்டுமென்றேதான் வண்டியைக் கிட்டே கொண்டுபோனேன் என்று தானே ஒப்புக்கொள்வதும் அதே வாக்கியம்தான்.

மோதிவிட்டுப் போய்விடுவது இன்னொரு குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 134-இன்படி காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். கூட்டம் அடித்துவிடும் என்று பயந்து கிளம்ப நேர்ந்தால், நேராக அடுத்த காவல் நிலையத்துக்கோ 112-க்கோ போக வேண்டும். வீட்டுக்குப் போகக் கூடாது.

சைக்கிள்காரருக்கும் சட்டம் உண்டு

சைக்கிள் மோட்டார் வாகனம் ஆகாது. லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எதுவும் வேண்டாம், 184-ஆவது பிரிவும் பொருந்தாது. ஆனால் பி.என்.எஸ். 281 'எந்த வாகனத்தையும்' என்றுதான் சொல்கிறது. ஏற்காட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கி, வளைவில் எதிர்த்தடத்துக்குள் நுழைந்து ஒருவரை விழவைத்தால் வழக்கு சைக்கிள்காரர் மேல்தான். அவருக்கு இன்ஷூரன்ஸ் இல்லாததால் இழப்பீட்டையும் அவரே கையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். கார்க் கண்ணாடியைத் தட்டி உடைத்தால் சொத்துச் சேதம், பிரிவு 324. சேதம் 20,000 ரூபாயைத் தொட்டாலே தண்டனை இரண்டாண்டு வரை உயரும். பக்கக் கண்ணாடியிலேயே கேமராவும் சென்சாரும் இருக்கும் இன்றைய கார்களில் அந்தத் தொகை சுலபமாக வந்துவிடும்.

பேட்டரி சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால்தான் அது சைக்கிள் கணக்கில் வரும். அதற்கு மேல் என்றால் பதிவும் லைசென்ஸும் வேண்டும்.

தற்காப்பு உரிமை இருவருக்கும் உண்டு. அடிக்க வருபவரைத் தடுக்கலாம், தேவையான அளவுக்குத் தள்ளிவிடலாம். அவர் திரும்பிக் காருக்குப் போக ஆரம்பித்த நொடியில் அந்த உரிமை முடிந்துவிடுகிறது. பின்னால் ஓடிப் போய் அடித்தது தற்காப்பில் சேராது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது

கார் ஓட்டுபவர் இறங்க வேண்டாம். மேலே சொன்ன பிரிவுகளில் பெரும்பாலானவை கதவு திறந்த பிறகு வருபவை. திறக்காதவரை விஷயம் பெரும்பாலும் போக்குவரத்து அபராதத்தோடு நிற்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, அடுத்த அகலமான இடம் வரை போய்ச் சேருங்கள். சைக்கிள்காரர் துரத்த வேண்டாம். நம்பர் பிளேட், வண்டி நிறம், வளைவு எண், நேரம் ஆகிய நான்கையும் வாயால் சொல்லி செல்போனில் பதிவு செய்யுங்கள். பதற்றத்தில் எண் மறந்துவிடும், குரல் பதிவு மறக்காது. பயமாக இருந்தால் பலர் நிற்கும் டீக்கடை, செக்போஸ்ட் வரை போய் நில்லுங்கள். 112 அழையுங்கள்.

காயம் இருந்தால் முதலில் 108. தமிழ்நாட்டுக்குள் சாலை விபத்தில் காயம்பட்ட எவருக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் இலவசம். கொண்டுவந்து சேர்த்தவரை, அவர் பெயர் சொல்ல விரும்பாவிட்டால், கட்டாயப்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ அவருக்குப் பாதுகாப்பு.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் மருத்துவர் 'எப்படி அடிபட்டது' என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்பது இதுதான். பல வழக்குகள் இந்த ஒரு வரியில்தான் உடைகின்றன. வலியிலோ, வம்பு வேண்டாம் என்ற நினைப்பிலோ "நானா வுழுந்துட்டேங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். நான்கு நாள் கழித்து "தள்ளிவிட்டார்" என்று புகார் கொடுக்கும்போது அந்த வரியே எதிர்த்தரப்பு வக்கீலின் கையில் இருக்கும். நடந்ததை நடந்தபடி, இடம், நேரம், தெரிந்தவரா தெரியாதவரா என்பதோடு முதல் தடவையே சொல்லுங்கள்.

புகாரை எங்கே கொடுப்பது என்று அலைய வேண்டாம். சேலம் மாநகரம் கமிஷனர் கட்டுப்பாட்டில், ஏற்காடு மாவட்ட எஸ்.பி. கட்டுப்பாட்டில். மலைப்பாதையில் எல்லை எங்கே மாறுகிறது என்பது பொதுமக்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆவது பிரிவின்படி, நேரடியாக வழக்குப் பதியத்தக்க குற்றத்தின் தகவலை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்புவார்கள். மின்னணு வழியாகவும் கொடுக்கலாம், ஆனால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். பிரதி இலவசம். வழக்குப் பதியாவிட்டால் குறைந்தது புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்கள். பதிய மறுத்தால் தபாலில் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ, அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு.

புகாரில் அடைமொழிகள் வேண்டாம். "குடிவெறியில் காட்டுமிராண்டித்தனமாக" என்று எழுதுவதை விட "என் வலது தோளில் இரண்டு கையாலும் தள்ளினார், நான் இடப்பக்கம் விழுந்தேன், இடது மணிக்கட்டு வீங்கியது" என்று எழுதுவது பத்து மடங்கு வலு. நீங்கள் காரைத் தட்டியிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். மறைத்த ஒன்று வீடியோவில் வெளிவந்தால் மற்ற உண்மைகளும் சேர்ந்து சாயும்.

வீடியோ இருந்தால் மெமரி கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது கோப்பு சுருங்கி, எடுத்த தேதி விவரமும் போய்விடும். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதற்கு மூலக் கோப்பு கையில் இருக்க வேண்டும். கடை, பெட்ரோல் பங்க் கேமராக்களில் பழைய பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும். அன்றே போய்க் கேளுங்கள், கடைக்காரர் தயங்கினால் புகாரிலேயே "இந்தக் கேமராவின் பதிவைக் கைப்பற்ற வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள். முகமும் நம்பரும் தெரிய ஊரெல்லாம் பரப்புவது வழக்குக்கு உதவாது. அவதூறு என்று எதிர்ப்புகார் வரத்தான் உதவும்.

வழக்குக்கு எதிர் வழக்கு

சாலைச் சண்டையில் அனேகமாக இரண்டு புகார் வரும். 'கேஸ் அண்ட் கவுன்ட்டர்' என்பார்கள். எஃப்.ஐ.ஆர். ஆகும் முன்பே, ஸ்டேஷனில் "ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துட்டுப் போங்கப்பா" என்ற பேச்சு வரும். சாதாரணக் காயம், வழிமறித்தல் போன்றவற்றைச் சமாதானமாக முடித்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் அபாயகரமாக ஓட்டியது, ஆபாசச் சொல் ஆகிய பிரிவுகள் அந்தப் பட்டியலில் இல்லை. எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டால் இருவரும் சமாதானமாகிவிட்டோம் என்று உயர் நீதிமன்றத்தில் மனுப்போட்டு ரத்து செய்ய வேண்டிவரும். வக்கீல் கட்டணம், சென்னைப் பயணம், மாதக்கணக்கில் காத்திருப்பு. எழுதிக் கொடுக்கும் முன் எழுதியிருப்பதை முழுதாகப் படியுங்கள். மருத்துவச் செலவு யார் தருவது, எந்தத் தேதிக்குள் என்பது தாளில் இல்லாமல் கையெழுத்து வேண்டாம்.

ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் உடனே கைது செய்வது விதி ஆகாது. நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதே முறை. பல பிரிவுகளில் ஸ்டேஷன் பெயிலே கிடைக்கும். அதோடு தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்)-இன்படி பாஸ்போர்ட் மறுக்கப்படலாம், நீதிமன்ற அனுமதி வாங்கி வர வேண்டும். அரசு வேலைக்கான போலீஸ் விசாரணைப் படிவத்தில் நிலுவை வழக்கைக் குறிப்பிட வேண்டும், மறைத்தால் அதுவே வேலை போகக் காரணமாகும். மோட்டார் வாகனத்தைப் பயன்படுத்திக் குற்றம் செய்தவர் என்று தீர்ப்பானால் மோட்டார் வாகனச் சட்டம் 20-இன்படி நீதிமன்றம் லைசென்ஸையே தடை செய்யலாம். மஞ்சள் போர்டு ஓட்டுபவருக்கு லைசென்ஸ்தான் சோறு. விபத்து வழக்கென்றால் வண்டியும் ஸ்டேஷன் வாசலில் நிற்கும், பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சான்று தரும் வரை.

இழப்பீடு

கிரிமினல் வழக்கு தண்டனைக்கானது. கை ஒடிந்தவரின் மருத்துவச் செலவும் கூலி இழப்பும் வேறு கதவில் கேட்க வேண்டியவை. மோட்டார் வாகனம் மோதியிருந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆவது பிரிவில் மனு. விபத்து நடந்த இடத்திலோ, மனுதாரர் குடியிருக்கும் இடத்திலோ போடலாம். ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். யார் தப்பு என்று நிரூபிக்காமலே கேட்க 164-ஆவது பிரிவு இருக்கிறது: மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். மோதிய வண்டியே தெரியாமல் போனால் 161-ஆவது பிரிவில் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய்.

எக்ஸ்ரே, மருந்து பில், வேலைக்குப் போகாத நாட்கள், முதலாளி தரும் சம்பளச் சான்று எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள். பட்டறையில் தினக்கூலி வாங்குபவருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. வேலை கொடுப்பவரின் கையெழுத்திட்ட கடிதமும், பற்று எழுதும் நோட்டின் நகலும் அந்த இடத்தை நிரப்பும். இரவில் விளக்கோ பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டரோ இல்லாமல் ஓட்டியிருந்தால், உங்கள் பங்குத் தவறு இவ்வளவு சதவீதம் என்று தீர்ப்பாயம் தொகையில் கழிக்கலாம். விபத்தன்று சைக்கிளில் எரிந்துகொண்டிருந்த விளக்கு உடைந்திருந்தால், உடைந்த துண்டுகளோடு அப்படியே படம் எடுத்து வையுங்கள். சைக்கிளை உடனே ரிப்பேருக்கு விட வேண்டாம். காவல்துறை மகஜர் (நேரில் பார்த்ததைக் குறிக்கும் பதிவு) எழுதி முடிக்கும் வரை வளைந்த ஹேண்டில்பார் வளைந்தபடியே இருக்கட்டும்.